மிச்சமாகும் நேரம் யாருடையது?

வலைப்பதிவு எழுதுகிறவர்களிடம் எது குறைச்சல் என்று கேட்டால், எழுத விஷயம் குறைச்சல் என்று யாரும் சொல்வதில்லை. நேரம்தான் குறைச்சல் என்பார்கள். அலுவலகத்தில் ஆணி, வீட்டில் ஆயிரம் வேலை, மாணவராக இருந்தால் தலைக்கு மேல் தேர்வு. இத்தனைக்கும் நடுவில் ஓர் இடுகையை எழுதி, பிழை திருத்தி, படம் சேர்த்து, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி அனுப்பி, வந்த பின்னூட்டங்களுக்குப் பதிலும் சொல்லி முடிப்பதற்குள் நடுராத்திரி ஆகிவிடும். அதனால்தான் "நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி" என்று எதைக் காட்டினாலும் பதிவர்கள் உடனே எடுத்துப் பொருத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இலவசம் என்பதால் யோசிப்பதும் இல்லை.

ஆனால் யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு கருவி நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்றால், அந்த வேலை எங்கே போனது? சில சமயம் உண்மையாகவே இயந்திரம் செய்துவிடுகிறது. சில சமயம் முன்பின் தெரியாத ஒருவர் எல்லோருக்குமாக உட்கார்ந்து முன்பே செய்து வைத்திருக்கிறார். பல சமயம் அந்த வேலை வாசகர் தலையில் போய் விழுகிறது. இன்னும் சில சமயம், நாலைந்து வருடம் கழித்து அதே பதிவரின் தலையில் வட்டியோடு வந்து விழுகிறது. இவை எல்லாவற்றுக்கும் "நேரம் மிச்சம்" என்ற ஒரே பெயர்ப்பலகையை மாட்டிவிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

உண்மையாகவே மிச்சப்படுத்தியவை

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் வலைப்பதிவு என்று ஒன்று வளர்ந்ததே துணைக்கருவிகளால்தான். பிளாகர் சேவையை பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999 ஆகஸ்டில் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆனால் தமிழில் எழுத நினைத்தவருக்கு பிளாகர் மட்டும் போதவில்லை. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு இருந்த காலம். ஒரு செயலியில் தட்டச்சு செய்து, அதை எடுத்து மாற்றியில் ஒட்டி, யுனிகோடாக மாறி வந்ததை மறுபடியும் எடுத்து பிளாகரில் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால் திரும்பவும் முதலிலிருந்து. வீட்டில் இணைப்பு இல்லாமல், பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து எழுதியவர்களுக்கு இது வெறும் எரிச்சல் அல்ல. கைக்காசு.

அந்த வேலையைச் சில தனிமனிதர்களும் குழுக்களும் குறைத்துத் தந்தார்கள். சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றி பல குறியீடுகளில் இருந்த எழுத்தை ஒரே பக்கத்தில் யுனிகோடாக்கித் தந்தது. தமிழா குழுவின் இ-கலப்பை வந்த பிறகு, பிளாகரின் பெட்டியிலேயே நேரடியாகத் தமிழில் அடிக்க முடிந்தது. நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர் பல விசைப்பலகை அமைப்புகளை ஒரே சிறிய செயலிக்குள் அடக்கியது. பயன்படுத்தியவர்கள் யாரும் இவற்றுக்குப் பைசா கொடுக்கவில்லை. இவற்றை உருவாக்கியவர்கள் தங்கள் மாலை நேரங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் செலவழித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு நேரம் மிச்சமானது. ஒருவர் ஒருமுறை பட்ட பாடு ஊருக்கே பலன் தருகிற கணக்கு இது. இதில் நஷ்டப்பட்டவர் என்று யாரும் இல்லை.

விசைப்பலகையையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி உருவானது தமிழ்99. மெய்யெழுத்து இரட்டிக்கும்போது முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிடும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு விசை போதும். மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. 'தங்கம்' என்ற சொல்லுக்கு த, ங, க, ம, புள்ளி என்று ஐந்து விசை. அதையே ஆங்கில எழுத்துகளைக் கூட்டி அடித்தால் குறைந்தது ஏழு. ஒரு சொல்லில் இரண்டு விசை என்பது அற்பமாகத் தெரியலாம். ஆயிரம் சொல் இடுகைகளை வாரம் இரண்டு என்று வருடக்கணக்கில் எழுதுகிறவருக்கு அது அற்பம் இல்லை. முதல் சில நாள் தடவித் தடவி அடிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தொடாமலே விட்டவர்கள் ஏராளம். அதே ஆட்கள் பக்கப்பட்டையில் பத்து விட்ஜெட்களை ஒட்டுவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்திருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

இணைப்பு இல்லாமலே எழுதி வைத்து, வெளியிடும்போது மட்டும் இணையத்தில் நுழைய உதவிய விண்டோஸ் லைவ் ரைட்டரும் இதே ரகம்தான். 2007-ல் முழுமையான பதிப்பாக வந்த அந்தச் செயலியை மைக்ரோசாப்ட் பிறகு கைவிட்டது. ஆனால் 2015 டிசம்பரில் அதன் மூலநிரல் திறக்கப்பட்டு ஓப்பன் லைவ் ரைட்டர் என்ற பெயரில் தொடர்ந்தது. அதில் எழுதியவர்களின் வரைவுகள் அவரவர் கணினியிலேயே இருந்தன. கருவியின் எதிர்காலம் ஆட்டம் கண்ட நாளிலும் எழுத்து ஆட்டம் காணவில்லை.

வேர்ட்பிரஸ்காரர்களுக்கு அகிஸ்மெட். 2005 அக்டோபரில் வந்தது. பின்னூட்டப் பெட்டியில் கொட்டப்படும் விளம்பரக் குப்பையைப் பல தளங்களிலிருந்து ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, "இது குப்பை" என்று இயந்திரமே ஒதுக்கிவிடும். தினமும் காலையில் எழுந்து நூற்றுக்கணக்கான மாத்திரை விளம்பரங்களைக் கையால் அழித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பின்னூட்டங்கள் வெளியே உள்ள ஒரு வழங்கிக்குப் போய்ச் சோதிக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன என்பதையும், நல்ல பின்னூட்டம் சில சமயம் குப்பையில் மாட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. அவ்வப்போது குப்பைக் கூடையைக் கிளறிப் பார்த்தால் போதும். அதற்குப் பிறகும் மிச்சம் அதிகம்தான்.

வாசகர் கட்டிய பில்

இப்போது அடுத்த வகை. அகிஸ்மெட் செய்த அதே வேலைக்கு இன்னொரு வழியும் இருந்தது. பின்னூட்டம் எழுதி முடித்தவுடன், கோணல்மாணலாக நெளிந்த ஆங்கில எழுத்துகளைக் காட்டி, "இதைப் படித்து அடியுங்கள்" என்று கேட்கும் சொல் சரிபார்ப்பு. பதிவரைப் பொறுத்தவரை ஒரு பெட்டியில் டிக் அடித்தால் வேலை முடிந்தது, குப்பை வராது. ஆனால் அந்த வேலை எங்கே போனது? தமிழில் எழுதிக்கொண்டிருந்த வாசகர் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, கண்ணைச் சுருக்கி, அது 'எல்' எழுத்தா ஒன்றா என்று யோசித்து, தப்பாக அடித்து, புதிதாக வந்த இன்னொரு கோணல் சொல்லோடு மறுபடி மல்லுக்கட்ட வேண்டும். பார்வை குறைந்த பெரியவர் ஒருவர் இரண்டு முறை முயன்றுவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது பதிவருக்குத் தெரியவே தெரியாது. பதிவருக்கு மிச்சமானது தினமும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைப் பின்னூட்டம் எழுதிய அத்தனை பேரும் பங்கு போட்டுக் கட்டினார்கள்.

வாசகரின் அந்தச் சில நொடிகளுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ரீகேப்ட்சாவின் கதையே பதில். 2007-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான அது இரண்டு சொற்களைக் காட்டும். ஒன்று விடை தெரிந்த சொல். இன்னொன்று, பழைய புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் ஸ்கேன் செய்தபோது இயந்திரத்தால் படிக்க முடியாமல் போன சொல். உலகம் முழுக்க மக்கள் செலவழித்த நொடிகளைச் சேர்த்து அந்தப் பழைய அச்சுகளைக் கணினி எழுத்தாக மாற்றினார்கள். 2009-ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. பெரிய நிறுவனம் விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்த நொடிகளுக்கு மதிப்பு இருந்திருக்கிறது. அதைப் பதிவர்கள் மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

பக்கப்பட்டை அலங்காரங்களும் இதே கதைதான். கடிகாரம், நாட்காட்டி, வானிலை, எந்த ஊரிலிருந்து யார் படிக்கிறார் என்று காட்டும் பட்டியல், கொடிகள் பறக்கும் கணக்கி. ஒவ்வொன்றும் எங்கோ இருக்கிற ஒரு வழங்கியிலிருந்து ஒரு நிரல்துண்டைக் கொண்டு வரும். அந்தக் காலத்தில் ஒட்டப்பட்ட நிரல்துண்டுகளில் பல, தாங்கள் வந்து சேரும் வரை பக்கத்தின் மீதியைக் காட்ட விடாது. எங்கோ ஒரு வழங்கி தூங்கிவிட்டால், இங்கே இடுகை வெள்ளைத் தாளாக நிற்கும். மெதுவான இணைப்பில் இருந்த வாசகர் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனதுதான் மிச்சம். கணக்கிகளில் இன்னொரு கூத்தும் உண்டு. நேரம் மிச்சம் என்று தொடங்கிய பதிவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்தார், டொராண்டோவிலிருந்து இருவர் வந்தார்கள் என்று அதையே அரை மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த இடுகைக்கான நேரம் அதில் போய்விடும்.

பகிர்வுப் பொத்தான்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் 'லைக்' பொத்தானை வெளித்தளங்களுக்குத் தந்தபோது எல்லோரும் ஓடிப் போய் ஒட்டினார்கள். சுட்டியை நகலெடுத்து ஒட்டும் வேலை மிச்சம் என்பது காரணம். அந்தப் பொத்தானை ஒருவர் அழுத்தாவிட்டாலும், அது பக்கத்தில் தோன்றினாலே போதும், அவர் வந்து போன செய்தி அந்த நிறுவனத்துக்குப் போய்விடும் என்பதைப் பல பதிவர்கள் அறியவே இல்லை. வாசகரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

தானாக அனுப்பும் கருவிகளும் உண்டு. இடுகை வெளியான உடனே ட்விட்டர், ஃபேஸ்புக் என்று எல்லா இடத்துக்கும் சுட்டியை அனுப்பிவிடும். ட்விட்டர்ஃபீட் என்ற சேவை இதற்காகவே இருந்தது; 2016 அக்டோபர் இறுதியில் அது மூடப்பட்டது. இதில் அனுப்புகிற வேலை மிச்சம்தான். ஆனால் அனுப்பிய இடத்தில் ஆள் இல்லை. ஒருவர் அங்கே கேள்வி கேட்டால் பதில் வராது. ஊரே துக்கத்தில் இருக்கும் ஒரு நாளில், போன வாரமே நேரம் குறித்து வைத்த மொக்கைப் பதிவு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வரும். இயந்திரத்துக்கு நாள் தெரியும், நேரம் தெரியும். இழவு வீடு தெரியாது.

பின்னால் வந்த வட்டி

மூன்றாவது வகைதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் இதன் செலவு உடனே தெரியாது.

பிளாகரில் பின்னூட்ட வசதி 2004 மே மாதம்தான் வந்தது. அதற்கு முன்பு எழுதியவர்கள் ஹாலோஸ்கேன் போன்ற வெளிச்சேவைகளை நம்பினார்கள். இரண்டு வரி நிரலை டெம்ப்ளேட்டில் ஒட்டினால் பின்னூட்டப் பெட்டி தயார். பிளாகரின் சொந்த வசதி வந்த பிறகும் பழக்கத்தினால் பலர் அதிலேயே இருந்தார்கள். இடுகை ஓர் இடத்தில், அதற்கு வந்த பதில்கள் வேறோர் இடத்தில். 2008-ல் ஹாலோஸ்கேன் கைமாறியது. பிறகு எக்கோ என்ற கட்டணச் சேவையாக உருமாறியது. 2012-ல் அந்த எக்கோவும் மூடப்பட்டது. உரிய நேரத்தில் விழித்துப் பதிவிறக்கிக்கொண்டவர்கள் தப்பினார்கள். மற்றவர்களின் இடுகைகள் பதில் இல்லாத கடிதங்களாக நின்றன.

இதைச் சாதாரண இழப்பு என்று நினைக்கக் கூடாது. வலைப்பதிவில் பாதி விஷயம் பின்னூட்டத்தில்தான் இருக்கும். ஓர் ஊர்க் கோயிலைப் பற்றி ஒருவர் எழுதினால், அதே ஊரில் பிறந்து துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து, "அந்தக் குளத்துக்கு நாங்கள் சிறுவயதில் வேறு பெயர் சொல்வோம்" என்று எழுதியிருப்பார். ஒரு சமையல் குறிப்புக்குக் கீழே, இன்னொரு மாவட்டத்தில் அதே குழம்பில் என்ன சேர்ப்பார்கள் என்று ஒரு பாட்டியின் கைப்பக்குவம் கிடைக்கும். எந்த நூலகத்திலும் இவை இல்லை. பதிவருக்கு அன்றைக்குப் பத்து நிமிடம் மிச்சமாக்கிய நிரல்துண்டு, இவற்றைத் தன் வழங்கியில் வைத்திருந்தது. அது போனபோது இவையும் சேர்ந்து போயின.

செய்தியோடைக்கு ஃபீட்பர்னர். 2004-ல் தொடங்கி, 2007-ல் கூகுள் கைக்கு வந்தது. எத்தனை பேர் ஓடை வழியாகப் படிக்கிறார்கள் என்று எண்ணித் தரும். புதிய இடுகைகளை மின்னஞ்சலில் வாசகருக்கு அனுப்பும். வசதியானதுதான். ஆனால் ஓடையின் முகவரி ஃபீட்பர்னருடையது. மின்னஞ்சல் பட்டியலும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. பிளாகரில் 'மின்னஞ்சலில் தொடர' என்று இருந்த விட்ஜெட்டும் இதையே நம்பி ஓடியது. 2021 ஜூலையில் மின்னஞ்சல் வசதியைக் கூகுள் நிறுத்தியது. பட்டியலைப் பதிவிறக்கிக்கொள்ளும்படி முன்கூட்டியே அறிவித்தார்கள் என்பது உண்மை. ஆனால் எழுதுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்த பதிவர் அந்த அறிவிப்பைப் பார்த்திருக்க வழியில்லை. பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்ந்த வாசகர்கள், ஒரு சொல் கூடச் சொல்லிக்கொள்ளாமல் பிரிந்தார்கள்.

இதே கூகுளின் ரீடர் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகும். 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடர், ஐம்பது வலைப்பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலையை ஒரே பக்கத்தில் முடித்தது. 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அப்போதும் ஒப்பாரி பலமாகவே கேட்டது. ஆனால் தொடர்ந்து படித்த வலைப்பதிவுகளின் பட்டியல் பொதுவான வடிவத்தில் இருந்ததால், அதை இறக்கி ஃபீட்லி போன்ற வேறு செயலியில் ஏற்றச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தது. கருவி செத்தாலும் பட்டியல் பிழைத்தது. கருவிகள் மூடப்படுவது தவறில்லை, எதுதான் மூடப்படவில்லை? சாமானை எடுத்துக்கொண்டு வெளியேற வாசல் இருந்ததா என்பதுதான் கேள்வி.

வேர்ட்பிரஸ் பக்கம் வேறு விதமான வட்டி. அங்கே செருகுநிரல் வசதி 2004 மே மாதம் 1.2 பதிப்போடு வந்தது. தொடக்கத்திலிருந்தே கூட வந்த ஹலோ டாலி என்ற செருகுநிரல் எந்த வேலையும் செய்யாது. நிர்வாகப் பக்கத்தின் மேலே ஒரு பழைய ஆங்கிலப் பாட்டின் வரியைக் காட்டும், அவ்வளவுதான். அதனால் பயனும் இல்லை, பாதகமும் இல்லை. அதற்குப் பிறகு களஞ்சியத்தில் 50,000-க்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையைக் குறைக்கிறது. அதற்கு விலையாக, தளத்தின் சாவியில் ஒரு நகலை வாங்கிக்கொள்கிறது.

பக்கப்பட்டையில் எந்த விட்ஜெட் எந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்க டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒரு செருகுநிரல் இருந்தது. 2 லட்சம் தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 2017-ல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் தந்த புதிய பதிப்புகளில், தளத்தில் ரகசியமாக விளம்பரப் பக்கங்களைச் சேர்க்கும் நிரல் ஒளிந்திருந்தது. தளத்தின் உரிமையாளர் உள்நுழைந்து பார்த்தால் அந்தப் பக்கங்கள் அவர் கண்ணுக்குத் தெரியாது. வெளியிலிருந்து வருகிறவருக்கு மட்டும் தெரியும். அந்த ஆண்டு செப்டம்பரில் வேர்ட்பிரஸ் அதைக் களஞ்சியத்திலிருந்து ஒரேயடியாக நீக்கியது. அதற்கு முன்பு 2011-ல், படங்களைச் சிறிதாக்கித் தரும் டிம்தம்ப் என்ற சின்ன நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஏராளமான தளங்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். பலருக்குத் தங்கள் டெம்ப்ளேட்டுக்குள் அப்படி ஒரு நிரல் இருப்பதே தெரியாது. படத்தைச் சிறிதாக்கும் இரண்டு நிமிடம் மிச்சம். தளத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய இரண்டு வாரம்.

எழுதியே தரும் கருவி

இப்போது எல்லாவற்றுக்கும் உச்சமாக, எழுதுகிற வேலையையே மிச்சப்படுத்துகிறேன் என்று கருவிகள் வந்துவிட்டன. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியான பிறகு, தலைப்பைக் கொடுத்தால் இடுகையைக் கொடுக்கும் வசதி வலைப்பதிவுச் செயலிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. இதையும் அதே கேள்வியால் அளந்து பார்க்கலாம்.

பிழை திருத்தவோ, நீண்ட பேட்டியைச் சுருக்கிப் பார்க்கவோ, ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் புரிந்துகொள்ளவோ அதைப் பயன்படுத்துகிறவர் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்கிறார். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் பத்து நொடியில் செய்து வாங்கிய ஆயிரம் சொல்லை அப்படியே வெளியிடுகிறவர் என்ன செய்கிறார்? தானே படிக்காத ஒன்றைப் பிறர் பத்து நிமிடம் செலவழித்துப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். வாசகர் அந்தப் பத்து நிமிடத்தை ஒரு மனிதரை நம்பித்தான் தருகிறார். இவர் குளத்தைப் பார்த்திருக்கிறார், இவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார், இவர் தேர்வில் தோற்று எழுந்திருக்கிறார் என்ற நம்பிக்கை. சொல் சரிபார்ப்பாவது வாசகரின் சில நொடிகளைத்தான் எடுத்தது. இது அந்த நம்பிக்கையையே எடுத்துவிடும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். அது பேச்சுக்குத்தான் நன்றாக இருக்கும். இ-கலப்பை இல்லாவிட்டால் எழுதவே வந்திருக்க மாட்டார்கள் என்ற நிலையில் இருந்தவர்கள்தான் தமிழ்ப் பதிவர்களில் பாதிப் பேர். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவரிடம் கருவியே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். இந்தக் கருவியால் மிச்சமாகும் நேரத்தை வேறு யார் கட்டுகிறார்கள்? வாசகர் என்றால் தள்ளி வைக்கலாம். இது நாளைக்கே மூடப்பட்டால் எழுத்தும் பின்னூட்டமும் முகவரிப் பட்டியலும் யார் கையில் இருக்கும்? பதிவர் கையில் இல்லை என்றால் இன்றே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். கூகுள் 2011-ல் தொடங்கிய டேக்அவுட் வசதி பிளாகருக்கும் உண்டு. வேர்ட்பிரஸில் ஏற்றுமதி வசதி உள்ளேயே இருக்கிறது. கடைசியாக, மிச்சமான நேரம் எதற்குப் போகிறது? இன்னொரு கருவியைத் தேடுவதற்கு என்றால் எதுவும் மிச்சமாகவில்லை.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, இந்த வார இறுதியில் ஒரு முறை உங்கள் பக்கப்பட்டையையும் செருகுநிரல் பட்டியலையும் திறந்து பாருங்கள். எதற்காகப் போட்டோம் என்று நினைவுக்கு வராதவற்றை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு நேரம் மிச்சம் இருந்தால், போன மாதம் வந்து பதில் இல்லாமல் கிடக்கிற பின்னூட்டம் ஒன்று நிச்சயம் இருக்கும். அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.